பெங்களூர் பீன்யா பக்கம் பைப்பை உருட்டி வளைத்துத் தருபவர் யாராவது தெரியுமா?

வணக்கம். ஒருவர் மட்டும் உட்காரும் சின்ன கிராவிட்டி கோஸ்டருக்கு (மோட்டார் இல்லாமல் உயரத்திலிருந்து தானே உருண்டோடும் ரோலர் கோஸ்டர்) 48.3 மி.மீ. வெளிவிட்டமுள்ள எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) பைப்பை 6 மீட்டர் ஆரத்தில் வளைக்க வேண்டும். பெங்களூரில் மூன்று ரோலர் இயந்திரம் வைத்திருப்பவர் இருந்தால் சொல்லுங்கள். ஹைட்ராலிக் பைப் பெண்டர் வேண்டாம். அது விட்டுவிட்டு அழுத்துவதால் வளைவு சீராக வராது, சக்கரம் தட்டிக்கொண்டே ஓடும். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) பைப்பும் வேண்டாம், வெல்டிங்கில் துத்தநாகப் புகை கிளம்பும்.

"மவுன்டன் கோஸ்டர் மாதிரி பிரேக் லீவர் வைத்துவிடலாமே" என்பவர்களுக்கு: அது வேறு ரகம். அங்கே தண்டவாளம் மலைச்சரிவை ஒட்டி இறங்கிக்கொண்டே இருக்கும். நடுவில் பிரேக் பிடித்தாலும் சரிவு மறுபடி இழுத்துக்கொள்ளும். வேகம் மணிக்கு 40 கி.மீ. அளவைத் தாண்டாமல் மையவிலக்கு பிரேக் (வேகம் கூடினால் தானே பிடிப்பது) பார்த்துக்கொள்ளும். இங்கே மூலதனமே தொடக்க உயரம் 3 மீட்டர்தான். உராய்வை விட்டுவிட்டால் அடியில் மணிக்கு 27 கி.மீ. சொச்சம். நடுவில் பிரேக் பிடித்தால் பள்ளத்திலேயே நின்றுவிடும், போய்த் தள்ள வேண்டியதுதான்.

6 மீட்டரில் பிடிவாதம் ஏனென்றால், பள்ளத்தின் ஆரம் 3 மீட்டராக இருந்தால் உடலில் 3 ஜி, அதாவது உடல் எடையைப் போல் மூன்று மடங்கு விசை, விழும். 6 மீட்டரில் 2 ஜி. குழந்தைகளுக்கு அதுவே தாராளம்.

இன்னொன்று: பாலியூரித்தேன் சக்கரங்கள், கடினம் ஷோர் ஏ அளவில் 90 முதல் 95 வரை, மேல், பக்கம், அடி மூன்றுக்கும். அடிச்சக்கரம் இல்லாமல் மேட்டில் வண்டி எழும்பிவிடும். மேடுகளை எடை குறைந்த குழந்தைக்கும், கடைசி பிரேக்கை எடை கூடிய ஆளுக்கும் கணக்கிட்டிருக்கிறோம். சில்லறையாக 12 சக்கரம் தரும் கடை தெரிந்தால் கமென்டில் போடுங்கள்.