நொய்யல் கிணற்றுநீர் ப்ராஜெக்ட்: ரிவ்யூ சாப்டர் "ஜாபிதா மாதிரி இருக்கு"ன்னு திரும்பி வந்திருச்சு

பெருந்துறை மாணவி:
வணக்கங்க. எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல், கடைசி வருசம். நொய்யலோரக் கிணறுகள்ல சாயக்கழிவு உப்பு எவ்வளவு இறங்கியிருக்குங்கறதுதான் தலைப்பு. ரிவ்யூ சாப்டருக்காக, அதாவது முன்னே வந்த ஆய்வுகளை அலசற அத்தியாயத்துக்காக, 42 கட்டுரை படிச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பத்தி எழுதி, வருச வரிசையில அடுக்கினேன். இது ரிவ்யூவே இல்ல, ஜாபிதான்னு கைடு திருப்பிட்டாங்க. சிமிலாரிட்டி (மத்தவங்க எழுத்தோட ஒத்துப்போற அளவு) 23 சதவீதம் காட்டுது. எங்கிருந்து திருத்தறதுங்க? இன்னொண்ணு, ஒரு கட்டுரையில இருக்கிற அளவு வேறொருத்தர் எடுத்ததுன்னு அதுலயே போட்டிருக்கு. நான் யார் பேரைப் போடணும்? தமிழ்ப் பேர்கள்ல முன்னெழுத்து வேற மாறி மாறி வருது.

நொய்யல்கரை:
பத்திகளை அப்படியே விட்டுட்டு எக்செல்லைத் திறங்க தங்கச்சி. கட்டுரைக்கு ஒரு வரிசை. நெடுவரிசைகள் இவை: எந்த ஊர்க் கிணறு, திறந்த கிணறா போர்வெல்லா, ஆழம் எத்தனை அடி, நீர் எடுத்த மாதமும் வருசமும், எதை அளந்தாங்க, எந்த அலகு, என்ன முடிவு, பக்க எண். 42-க்கும் நிரப்ப ஒரு வாரம் ஆகும். ஆனா ரிவ்யூவோட முக்கால்வாசி வேலை அதுலயே முடிஞ்சுரும்.

நிரப்பும்போதே சிக்கல் தானா வெளியே வரும். ஒருத்தர் டிடிஎஸ்ஸை (நீர்ல கரைஞ்சிருக்கிற மொத்தத் திடப்பொருளை) லிட்டருக்கு மில்லிகிராம்ல தந்திருப்பார், இன்னொருத்தர் மின்கடத்துத்திறனை மைக்ரோசீமென்ஸ்ல தந்திருப்பார். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு "கூடியிருக்கு"ன்னு எழுதினா தப்பு. மின்கடத்துத்திறனை டிடிஎஸ்ஸா மாத்தற காரணி நீரிலுள்ள உப்பைப் பொறுத்து 0.55-லிருந்து 0.7 வரை போகும். எதை எடுத்தீங்கன்னு எழுதியே ஆகணும். இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐஎஸ் 10500-ஓட ஒப்பிடறப்பவும் 500-ஐயா 2000-ஐயா வச்சிருக்காங்கன்னு பாருங்க. டிடிஎஸ்ஸுக்கு 500 ஏற்கத்தக்க அளவு. 2000-ங்கறது வேற நீராதாரம் இல்லாதபோது மட்டும் விடற எல்லை. ஒரே கிணத்து நீரை ஒரு கட்டுரை "தகுதியற்றது"ங்கும், இன்னொண்ணு "அனுமதிக்கத்தக்கது"ங்கும். காரணம் இதுதான்.

வருசத்துலயும் ரெண்டு கோடு போட்டுக்கோங்க. திருப்பூர் மாவட்டம் பிரிஞ்சது 2009-ல. அதுக்கு முந்தைய கட்டுரையில "கோவை மாவட்டம்"னா பல்லடம், அவிநாசி, உடுமலை எல்லாம் அதுக்குள்ள இருக்கு. காங்கயம், தாராபுரம் அப்ப ஈரோடு. ரெண்டாவது கோடு 2011 ஜனவரி, கழிவைச் சரியா சுத்திகரிக்காத திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவு போட்ட மாசம். அதுக்கு முன்னே எடுத்த நீரையும் பின்னே எடுத்த நீரையும் ஒரே பத்தியில கலக்காதீங்க. கட்டுரை 2013-ல வெளிவந்திருந்தாலும் நீர் 2010-ல எடுத்ததா இருக்கலாம். அதனாலதான் நீர் எடுத்த மாதத்துக்குத் தனி நெடுவரிசை கேட்டேன்.

எழுதற விதம் இப்படி மாறணும். இப்போ: "அ (2009) கிணற்று நீரை ஆய்வு செய்தார். ஆ (2014) நிலத்தடி நீரை ஆய்வு செய்தார்." மாற வேண்டியது: "திறந்த கிணறுகளை அளந்தவர்கள் (அ, 2009, இ, 2012) மழைக்குப் பின் உப்பு குறைவதாகச் சொல்கிறார்கள். ஆழ்குழாய்க் கிணறுகளை அளந்த ஆ (2014) அந்தக் குறைவைக் காணவில்லை. ஒரே தோட்டத்தில் இரண்டு வகைக் கிணறுகளையும் இரண்டு பருவத்திலும் அளந்த ஆய்வு இந்தத் தொகுப்பில் இல்லை." கடைசி வாக்கியத்துலதான் உங்க ப்ராஜெக்ட் எதுக்குங்கற காரணம் நிக்குது. ஆனா அதை எழுதறதுக்கு முன்னே தேடினது போதுமான்னு பாத்துக்கோங்க. திருப்பூரை ஆங்கிலத்துல ஒரு 'பி' போட்டும் ரெண்டு 'பி' போட்டும், நொய்யலை நொய்யில்னும் தேடணும். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வச்சிருக்கிற சோத்கங்கா தளத்துல பிஎச்.டி. ஆய்வேடுகள் கிடக்கு, அதை விட்டுட்டு "ஆய்வு இல்லை"ன்னு எழுதினா வைவாவுல (வாய்மொழித் தேர்வுல) மாட்டிக்குவீங்க.

நூலக மேசை:
23 சதவீதத்துக்குப் பயப்பட வேண்டாங்க, அதுக்காக அசட்டையாவும் விட்டுரக் கூடாது. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறைப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10-க்கு மேல 40 வரைன்னா 6 மாசத்துக்கு மிகாத கெடுவுக்குள்ள திருத்தித் தரணும். மேற்கோள் குறியோட மூலம் காட்டின பகுதி, துணைநூற்பட்டியல், உள்ளடக்கம், நன்றியுரை எல்லாம் அந்தக் கணக்குல சேராது. முதல்ல அதையெல்லாம் விலக்கித்தான் ரிப்போர்ட் எடுத்தாங்களான்னு கேளுங்க.

மிச்சத்துக்குச் சொல்லை மாத்தி மாத்திப் போடாதீங்க. வாக்கியத்தோட எலும்பு அவங்களதாவே இருக்கும், மூலம் காட்டாட்டி அதுவும் திருட்டுதான். பிடிஎஃப்பை மூடிட்டு எக்செல் வரிசையை மட்டும் பாத்து எழுதுங்க, எழுதின பிறகு மூலத்தைத் திறந்து எண்களைச் சரிபாருங்க.

அடுத்தவர் அளவு பத்திக் கேட்டீங்களே, அளந்தவரோட கட்டுரையைத் தேடி எடுங்க. கிடைச்சா அதைப் படிச்சு அவர் பேரைப் போடுங்க. எவ்வளவு தேடியும் கிடைக்கலைன்னா மட்டும் வாசகத்துல "க (1998), ங (2010) வழியாக" போடுங்க. பட்டியல்ல நீங்க படிச்ச ங மட்டும்தான் வரணும். படிக்காத க-வைப் பட்டியல்ல சேர்த்தா, ங செஞ்ச அச்சுப்பிழையையும் நீங்களே செஞ்ச மாதிரி ஆயிரும். தசமப்புள்ளி ஒண்ணு நகர்ந்தா 800 மில்லிகிராம் 8000 ஆயிருமில்ல?

ஏஐ-கிட்ட ரெஃபரன்ஸ் கேட்டிருந்தா ஒவ்வொரு டிஓஐ-யையும் (கட்டுரைக்குன்னு தர்ற நிலையான இணைய அடையாள எண்ணை) டிஓஐ தளத்துல போட்டுத் திறங்க. தலைப்பு, இதழ், பக்கம் மூணும் பொருந்தணும். இல்லாத கட்டுரைக்கு அச்சு அசலான பேர் வச்சுத் தரும் அது.

கல்வெட்டு வாசகன்:
தமிழ்ப் பேருக்கு மட்டும் சொல்றேன். துணைநூற்பட்டியல் போடற சோட்டிரோ மென்பொருள்ல குடும்பப்பெயர் கட்டத்துல பேரும், அடுத்த கட்டத்துல முன்னெழுத்தும் போடணும். கல்வெட்டறிஞர் செ. இராசுன்னா முதல் கட்டத்துல "இராசு", ரெண்டாவதுல "செ.". இதழ்ல "இராசு செ."ன்னு அச்சாகியிருந்தா கருவி கடைசிச் சொல்லைக் குடும்பப்பெயர்னு எடுத்துக்கிட்டு "செ."-வைத் தலைப்பேராக்கிரும். உங்க பட்டியல்ல ஒத்தை எழுத்துல தொடங்கற பேர் இருந்தா எல்லாமே இந்தப் பிழைதான்.

பழைய பாமினி எழுத்துரு பிடிஎஃப்ல இருந்து நகல் எடுத்தா எழுத்து குப்பையா வரும். ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாத்தி, கொம்பும் காலும் இடம் மாறியிருக்கான்னு வரிக்கு வரி பாருங்க. நிக்கல்சனோட கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை எடுத்தாள்றதா இருந்தா 1887-ங்கற ஆண்டைப் போடுங்க. ஸ்கேன் ஏத்தின ஆண்டைப் போடாதீங்க.

பெருந்துறை மாணவி:
ரொம்ப நன்றிங்க. 11 வரிசை நிரப்பிட்டேன். அதுல 4 கட்டுரையில நீர் எடுத்த மாசமே இல்ல. அதை என்ன பண்றதுங்க?

நொய்யல்கரை:
கட்டத்துல "குறிப்பிடவில்லை"ன்னு போடுங்க, ஊகிச்சு நிரப்பாதீங்க. பருவ ஒப்பீட்டுல இருந்து அந்த 4-ஐயும் எடுத்துருங்க, எடுத்ததையும் காரணத்தையும் ஒரு வரி எழுதுங்க. தொடர்பு ஆசிரியருக்கு ஒரு மெயில் போட்டும் கேக்கலாம். பதில் வந்தா "தனிப்பட்ட தொடர்பு"ன்னு தேதியோட வாசகத்துல மட்டும் காட்டணும், ஏபிஏ மேற்கோள் முறையில அது பட்டியலுக்குப் போகாது.