தவப் புள்ளி வெச்சு மந்திரம்: முதல் சண்டையிலயே எல்லாம் முடிஞ்சுடுது, எப்படி சரி பண்றது?

மொட்டைமாடி_ஜிஎம்:
வணக்கம் மக்களே. கோடம்பாக்கத்துல ஃப்ரெண்டு வீட்டு மொட்டை மாடியில ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாங்க அஞ்சு பேரு டி அண்ட் டி (பகடை உருட்டி ஆளுக்கொரு பாத்திரமா ஆடுற கதை விளையாட்டு) ஆடுறோம், கதையை நடத்துற ஜிஎம் நான் தான். 2014 ரூல்ஸ் தான், ஆனா மந்திரத்துக்கு மட்டும் நானே ரூல் எழுதியிருக்கேன், ஏன்னா எங்க உலகத்துல மந்திரவாதி கிடையாது, தவசி தான், தவம் பண்ணி சேர்த்த பலத்தை செலவு பண்ணி தான் எதையும் செய்ய முடியும். டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடுல (ஜிஎம்முக்கான ரூல் புக்) இருக்கிற ஸ்பெல் பாயின்ட் டேபிளை (மந்திரத்துக்கான புள்ளி கணக்கு) எடுத்து அதுக்கு தவம்னு பேர் வெச்சுட்டேன். 5வது லெவல்ல 27 தவம். முதல் படி மந்திரத்துக்கு 2, ரெண்டாம் படிக்கு 3, மூணாம் படிக்கு 5. தூங்கி எழுந்தா மொத்தமும் திரும்ப வந்துடும்.

போன வாரம் கோட்டை வாசல்ல எட்டு கோப்ளின் (குட்டி அரக்கனுங்க). தவசி முதல் டர்ன்லயே ஃபயர்பால் போட்டாரு (மூணாம் படி நெருப்பு வெடி, டேமேஜ் 8டி6, அதாவது ஆறு பக்க பகடை எட்டு). எங்ககிட்ட டி6 மொத்தமே ஆறு தான், அதனால ஆறை உருட்டி எழுதி வெச்சுட்டு இன்னும் ரெண்டு உருட்டினாரு. வாள்வீரனா ஆடுற தம்பி தாம்பரத்துல இருந்து எலக்ட்ரிக் ட்ரெயின் புடிச்சு வரான், கையில மினியை (தன் ஆளோட குட்டி பொம்மை) புடிச்சிட்டு எங்க வைக்கலாம்னு மேப்பை பார்த்துட்டு இருக்கும்போதே ஆறு கோப்ளின் காலி, அடுத்த சுத்துல மிச்சமும் போச்சு. உள்ள முற்றத்துலயும் இதே கதை, உடனே "நான் தூங்கப் போறேன்"னுட்டாரு தவசி. தம்பி ஒண்ணும் சொல்லல, எட்டு மணிக்கு பையை எடுத்துட்டு கிளம்பிட்டான். மனசுக்கு ரொம்ப கஷ்டமா போச்சு.

8டி6ஐ 6டி6 ஆக்கவா, இல்ல மந்திரம் போட டி20 (இருபது பக்க பகடை) உருட்டி ஜெயிக்கணும்னு வைக்கவா?

தாயம்_போடு:
ப்ரோ டேமேஜ்ல கை வைக்கறதுக்கு முன்னாடி இந்த கணக்கை பாருங்க. புக்கோட வழக்கமான ஸ்லாட் ரூல்ல (ஒவ்வொரு படி மந்திரமும் இத்தனை தடவை தான்னு கணக்கு) 5வது லெவல் விசார்டுக்கு (மந்திரவாதி) முதல் படி 4, ரெண்டாம் படி 3, மூணாம் படி 2. பாயின்ட்டா மாத்தினா 8, 9, 10, கூட்டினா 27. டேபிள் சரி தான். ஆனா ஸ்லாட்ல ஃபயர்பால் ரெண்டே தடவை, உங்க ரூல்ல அதே 27ஐ வெச்சு அஞ்சு தடவை, மிச்சம் 2க்கு சின்னதா ஒண்ணும் போட்டுக்கலாம். ஓட்டை அங்க தான் இருக்கு. அந்த புக்குலயே ஆறாம் படியில இருந்து ஒவ்வொரு படியிலயும் லாங் ரெஸ்டுக்கு (முழு தூக்கம்) ஒண்ணு தான்னு கட்டியிருக்காங்க, கீழ் படிகளுக்கு அந்த வேலி கிடையாது.

6டி6 ஆக்கினா சராசரி 28 போய் 21 ஆகும், அவ்ளோ தான். கோப்ளினுக்கு உயிரே 7! தம்பி பெரிய வாளால ரெண்டு அடியும் அடிச்சாலும் சுமார் 22, அதுவும் ரெண்டு பேருக்கு மேல விழாது. நான் இருந்தா, பெரிய மந்திரத்தை தூங்கறதுக்குள்ள மறுபடி போடும்போதெல்லாம் 2 தவம் ஏத்திடுவேன். 5, 7, 9 ஆக 21. நாலாவதுக்கு 11 வேணும், கையில 6 தான் இருக்கும், அதுல சின்ன மந்திரங்கள் போடட்டும், அதுங்களும் பாவம் யாரும் தொடாம கிடக்கு.

வேளச்சேரி_விசார்டு:
டி20 ரூல் மட்டும் வேணாம் ப்ரோ, நான் அந்த ரூல்ல ஆறு மாசம் ஆடியிருக்கேன். எங்க ஜிஎம் 10 கூட்டல் படி இன்டு ரெண்டுன்னு டிசி (பகடையும் போனஸும் சேர்ந்து எட்ட வேண்டிய எண்) வெச்சிருந்தாரு. என் போனஸ் 7, மூணாம் படிக்கு டிசி 16, அப்போ 9 இல்ல அதுக்கு மேல விழணும், நூத்துக்கு அறுபது தான் சான்ஸ். ஒரு சாயங்காலம் முழுக்க எனக்கு அஞ்சு டர்ன் வரும், அதுல ரெண்டு சும்மா போகும். அந்த ரெண்டு டர்ன்லயும் வாள்வீரன் ஒண்ணும் பெருசாகல, நானும் சேர்ந்து வேடிக்கை பார்த்தேன், அவ்ளோ தான். ஜெயிச்சப்போ அதே பழைய வெடி.

கூழாங்கல்:
எனக்கு என்னமோ தூக்கத்துல தான் தப்புன்னு தோணுது. புக் ஒரு நாளைக்கு ஆறுல இருந்து எட்டு சண்டை வரும்னு நினைச்சு எழுதினது, ட்ரெயினுக்கு ஓடுற நம்ம ஊர் ஞாயித்துக்கிழமையில ரெண்டு நடந்தாலே பெருசு, அப்போ தவசி எதுக்குங்க சேமிச்சு வைக்கணும்? லாங் ரெஸ்ட் ஏழு நாள்னு ஒரு மாற்று ரூல் அதே புக்ல இருக்கு, அதை எடுத்துக்கோங்க. ஒரு தூக்கத்துக்குள்ள மூணு நாலு செஷன் ஓடிடும்.

இன்னொண்ணு, தவம்னு அழகா பேர் வெச்சுட்டு அதை தூங்கியா சம்பாதிக்கிறது? ரம்பையை கல்லாப் போன்னு சபிச்ச கோவத்துல விஸ்வாமித்திரர் சேர்த்த தவமே கரைஞ்சு போச்சு. நம்ம கதைகள்ல தவத்துக்கு விரதம் உண்டு, கோவப்பட்டா நஷ்டம் உண்டு. அதை ரூல் ஆக்குங்க. எங்க டேபிள்ல ஒரு காட்சி முழுக்க மௌன விரதம் காத்தா 5 தவம் தருவோம். ஆடுறவங்க வாயே திறக்கக் கூடாது, சைகை மட்டும். போன மாசம் எங்க தவசி சுவத்துல இருந்த பொறியை பார்த்துட்டு கையை கையை ஆட்டுறா, மத்தவங்க "என்ன, தண்ணியா? கதவா?"ன்னு கேட்டுட்டே அது மேலயே நடந்துட்டாங்க.

பழைய_பகடை:
தவசியா ஆடுறவர்கிட்ட பேசினீங்களா? பாதி கதையில ரூலை மாத்தினா தனக்கு தண்டனைன்னு தான் நினைப்பாரு. முதல்ல அவருக்கு போன் பண்ணுங்க.

மொட்டைமாடி_ஜிஎம்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பகடை அண்ணா சொன்ன மாதிரி அன்னிக்கே போன் பண்ணினேன். அவர் சொன்னதை கேட்டு ஒரு நிமிஷம் பேச்சே வரல: "தம்பிக்கு ட்ரெயின் லேட் ஆகுதேன்னு தான்டா சண்டையை சீக்கிரம் முடிச்சேன்." தம்பிக்கு இது தெரியவே தெரியாது.

நேத்து அஞ்சரைக்கு பதிலா நாலு மணிக்கே ஆரம்பிச்சோம். ஏழு நாள் ரெஸ்ட், தாயம் ப்ரோவோட ரெண்டு ரெண்டா ஏத்துற விலை, கூழாங்கல் அக்காவோட மௌனம், மூணையும் வெச்சேன். ரெண்டு ஓகர் (பெரிய அரக்கனுங்க), ஆளுக்கு 59 உயிர். தவசி முதல் ஃபயர்பாலை போட்டுட்டு அடுத்தது 7ன்னு பார்த்ததும் கையை பின்னாடி இழுத்துட்டாரு, கதவை தம்பி தான் தனியா நாலு சுத்து அடைச்சு நின்னான். கடைசி அடிக்கு ஷீட்ல மிச்சம் 3 ஹிட் பாயின்ட். எட்டரைக்கு கிளம்பும்போது அந்த ஷீட்டை மடிக்காம ஃபைல்ல வெச்சு எடுத்துட்டு போனான்.

ஒரே சந்தேகம் அக்கா, மௌன விரதத்துல இருக்கும்போது அடி பட்டு தவசி நிஜமாவே "அய்யோ"ன்னுட்டாரு. 5 தவம் கொடுக்கலாமா?

கூழாங்கல்:
எங்க டேபிள்ல கொடுக்க மாட்டோம். ஆனா முதல் தடவைங்கறதால 2 கொடுங்க.