பர்ன்ஸ் கவிதையை நேரில் கேட்ட அனுபவங்கள்

ஏர் வாசி

ஸ்காட்லாந்தின் ஏர் நகரில் வசிக்கிறேன். பதினெட்டாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பிறந்தநாளையொட்டி இங்கே ஜனவரியில் நடக்கும் பள்ளி ஒப்புவித்தல் போட்டியைப் பற்றி இங்குள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. என் மகளுக்கு அந்த ஆண்டு எட்டு வயது. அவளுக்குக் கிடைத்தது, உழவன் ஒருவன் சுண்டெலியிடம் பேசுவதாகப் பர்ன்ஸ் எழுதிய சுண்டெலிக் கவிதை. நான் ஆங்கில இலக்கியம் படித்தவள். ஆனாலும் அதிலுள்ள ஸ்காட்ஸ் (ஆங்கிலத்துக்கு நெருங்கிய ஸ்காட்லாந்து மொழி) சொற்களில் பாதி எனக்குப் பிடிபடவில்லை. ஆகவே கைப்பேசியில் கிடைத்த ஓர் ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன்படியே அவளைச் சொல்லவைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் மாலை பக்கத்து வீட்டு அம்மையார் வந்து கதவைத் தட்டினார். சத்தம் தொந்தரவாக இருக்கிறதோ என்று நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவரோ, குழந்தை 'ஸ்லீக்கிட்' என்ற சொல்லைத் தவறாக உச்சரிக்கிறாள், சுவருக்கு அப்பால் அதைக் கேட்டுக்கொண்டிருக்க மனம் பொறுக்கவில்லை என்றார்.

எங்கள் சமையலறை மேசையருகே உட்கார்ந்து, எட்டுப் பத்திகளையும் புத்தகம் இல்லாமல் சொன்னார். குளிர்காலத்துக்காகச் சுண்டெலி கட்டிவைத்த கூட்டைக் கலப்பையின் கொழு கிழித்துக்கொண்டு போகும் இடத்தில் அவர் குரல் மிகவும் தணிந்துவிட்டது. முடித்ததும் என் மகளைப் பார்த்துச் சொன்னார்: வகுப்பில் இந்த மொழியைப் பேசியதற்காகத் தான் தோல்வாரால் அடி வாங்கியதாகவும், 'யெஸ்' என்பதற்குப் பதிலாக 'ஐ' என்று வாய்தவறிச் சொன்னதற்கே இரண்டு அடி விழுந்ததாகவும், அடித்த அதே ஆசிரியர்தாம் ஜனவரியில் இந்தக் கவிதையை ஒப்புவித்ததற்காகத் தமக்குப் புத்தகப் பரிசு கொடுத்தார் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவருடைய வலது கை மேசைமேல், உள்ளங்கை மேலே தெரியும்படி விரிந்திருந்தது. எழுபது வயதைக் கடந்தவர். அந்தக் கை இன்னும் என் கண்ணைவிட்டு அகலவில்லை.

பாட்டுக்காரன்

அம்மையாரின் வேதனையை மதிக்கிறேன். ஆனால் பர்ன்ஸின் மரபைப் பள்ளிப் பரிசோடு நிறுத்திவிடுவது அவருக்குச் செய்யும் குறை என்று எனக்குத் தோன்றுகிறது. ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸ் நகரில் உள்ள குளோப் விடுதியில் அவர் உட்கார்ந்த நாற்காலி இருக்கிறது. அதில் உட்காருபவர் அவருடைய வரி ஒன்றைச் சொல்ல வேண்டும். தவறினால் அங்கிருக்கும் எல்லோருக்கும் மது வாங்கித்தர வேண்டும் என்பது வழக்கம். இது தெரியாமல் நான் உட்கார்ந்துவிட்டேன். சொல்வதற்கு ஒரு வரியும் நினைவுக்கு வரவில்லை. மெட்டு ஒன்று மட்டும் வந்தது. அவருடைய 'சிவப்பு ரோஜா' பாட்டின் மெட்டை முனகினேன். மூலையில் தனியாக இருந்த ஒருவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் அதன் சொற்களைப் பாடத் தொடங்கினார். கடல்கள் வற்றும்வரை என்ற இடம் வந்தபோது, பரிமாறிக்கொண்டிருந்த பெண்ணும் சேர்ந்துகொண்டார். நான் தவறவிட்ட வரியை எனக்காக இருவர் பாடிக்கொடுத்தார்கள்.

ஆகவே என் கருத்து இதுதான்: அவர் கவிஞர் என்பதைவிடப் பாட்டுக்காரர். ஜேம்ஸ் ஜான்சன் 1787 முதல் 1803 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட பாடல் திரட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பர்ன்ஸ் எழுதியதோ, திரட்டியதோ, செப்பனிட்டதோ ஆகும். கையில் காசில்லாத காலத்திலும் அதற்கென ஒரு பென்னிகூட அவர் வாங்கவில்லை. எந்த ஆசிரியரின் தோல்வாரும் அந்தப் பாட்டுகளை எட்டவில்லை. அவை வீட்டிலும் வயலிலும் மதுக்கூடத்திலும் இருந்தன.

பரங்கிமலை

பாட்டுக்காரன் ஐயா சொன்னதற்கு என்னிடம் ஒரு சான்று உண்டு. சென்னை ராணுவ அதிகாரிகள் பயிற்சி நிறுவனத்தில் என் தங்கை மகள் பயிற்சி முடித்து வெளியேறிய அணிவகுப்பு. கடைசிக் கட்டத்தில் வாத்தியக்குழு மெட்டை மாற்ற, பயிற்சி பெற்றவர்கள் மெதுநடையில் 'அந்திம் பக்' என்ற இறுதிப் படியை நோக்கி வருவார்கள். அதைக் கடந்தால் அவர்கள் அதிகாரிகள். அப்போது வாசிக்கப்படுவது, பழைய நட்பை நினைக்கும் பாட்டான 'ஆல்ட் லாங் சைன்'. எனக்குப் பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், வெயிலில் குடையைக்கூட மடக்கிவிட்டு எழுந்து நின்று, இது யாருடைய பாட்டு என்று கேட்டார். ஸ்காட்லாந்தில் ஓர் உழவர் எழுதியது என்றேன். "உழவரா?" என்று ஒரே சொல்லைத்தான் திருப்பிக் கேட்டார்; பிறகு அணிவகுப்பு முடியும்வரை உட்காரவே இல்லை. நான் அப்போது விவரமாகச் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பாட்டு பர்ன்ஸ் முழுவதும் தானே புனைந்ததன்று. பழைய பாட்டொன்றைக் கேட்டு எழுதி, தம் பத்திகளையும் சேர்த்து அச்சுக்கு அனுப்பியது. இன்று உலகம் பாடும் மெட்டோடு அது வெளிவந்தது 1799இல். பர்ன்ஸ் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

எடின்பரோ ஆய்வு மாணவி

எல்லோரும் பாராட்டியே எழுதுகிறீர்கள். என்னை உறுத்துவது வேறு. கவிஞரின் பிறந்தநாளையொட்டி ஜனவரியில் நடக்கும் பர்ன்ஸ் விருந்துகளில் நான் சென்ற முதல் விருந்து அது. பைப் இசையோடு ஹாகிஸ் என்ற ஆட்டிறைச்சி உணவுத் தட்டு வந்து, அதைப் பற்றிப் பர்ன்ஸ் எழுதிய வாழ்த்துப்பாவைச் சொன்னவர் உரிய வரியில் கத்தியைப் பாய்ச்சி, எல்லோரும் கைதட்டி உட்கார்ந்த பிறகு, கவிஞரைப் போற்றும் 'அழியா நினைவு' உரை தொடங்கியது. பேசியவர், காதலும் கடனும் நெருக்கியதால் கவிஞர் 1786இல் ஜமைக்காவுக்குக் கப்பலேற இருந்தார், கில்மார்னாக் நகரில் அச்சான அவருடைய முதல் கவிதை நூலின் 612 பிரதிகளும் விற்றதால் தேசம் பிழைத்தது என்று மகிழ்ச்சியோடு சொன்னார். என் பக்கத்தில் இருந்த தோழி ஜமைக்காவைச் சேர்ந்தவள். கோப்பையை உயர்த்தும்படி எல்லோரையும் எழுப்பியபோது அவளும் எழுந்தாள். ஆனால் கோப்பை மேசையிலேயே இருந்தது. "அங்கே என்ன வேலைக்குப் போக இருந்தார் என்று அவர் சொல்லவில்லையே" என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

அடிமைகளை வைத்து நடந்த தோட்டத்தில் கணக்கர் வேலை அது. 1795இல் 'மனிதன் மனிதனே' என்று பாடியவரும் அவரே. 1999 ஜூலை 1 அன்று ஸ்காட்லாந்து நாடாளுமன்றத் திறப்பு விழாவில் ஷீனா வெலிங்டன் அந்தப் பாட்டைப் பாட, உறுப்பினர்கள் கடைசிப் பத்தியில் சேர்ந்து பாடிய காட்சியைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன். அந்தக் கண்ணீரை இப்போதும் மறுக்கவில்லை. ஆனால் என் தோழி தொடாத கோப்பையையும் அதோடு சேர்த்தே நினைக்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்

மாணவிக்கு என் மறுமொழி: அடிமையின் புலம்பலாக அமைந்த பாட்டொன்றும் அவர் பெயரில் ஜான்சனின் திரட்டில் 1792இல் வெளிவந்திருக்கிறது, அதையும் தராசில் வைக்க வேண்டும். ஒரு பாட்டு ஒரு முடிவைத் துடைத்துவிடாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். உங்கள் தோழி கேட்டது நியாயமான கேள்வி. உரையாற்றுபவர்கள் இனி அதைத் தாண்டிப் போகக் கூடாது.

என் அனுபவம் சிறியது. பர்ன்ஸ் பிறந்த ஊரான அல்லோவேயில், டூன் ஆற்றின்மேல் வளைந்து நிற்கும் பழைய பாலத்தில் மழையில் நின்றேன். 'டாம் ஓ ஷான்டர்' என்ற அவருடைய கதைக்கவிதையில் சூனியக்காரிகள் துரத்த, டாமின் குதிரை ஓடிவந்து பாலத்தின் நடுவை எட்டும் இடம் அது. ஓடும் நீரைத் தாண்ட அவர்களால் இயலாது. குதிரையின் வால் மட்டும் அவர்கள் கையில் சிக்கியது. அப்போது ஒரு சிறுவன் தன் நாயை இழுத்துக்கொண்டு ஓடிவந்து, சரியாகப் பாலத்தின் நடுமுகட்டில் நின்று திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான் நடந்தது.

இனி, இதைப் படிப்பவர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். பர்ன்ஸைத் தொடங்கி, பாதியில் கைவிட்ட பலரை எனக்குத் தெரியும். முதலாவதாக, கண்ணால் படிக்காதீர்கள். ஏர் வாசி சகோதரி ஒலிப்பதிவைத் தேடியது சரியே. ஆனால் ஒரே குரலைக் கேட்பதைவிட மூன்று நான்கு குரல்களைக் கேட்பது நல்லது, ஏனெனில் ஏர்ஷயர்க்காரர் சொல்வதுபோல் அபர்டீன்காரர் சொல்லமாட்டார். இரண்டாவதாக, அருஞ்சொற்பொருளைப் பார்க்க வெட்கப்பட வேண்டாம். 1786ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே பர்ன்ஸ் சொற்பட்டியல் ஒன்றைப் பின்னிணைத்தார். தம்மை வாசிக்கப் போகிறவர்களில் பலருக்கு அம்மொழி முழுவதும் தெரியாது என்பதை அறிந்தே எழுதினார். சுண்டெலியில் தொடங்குங்கள். 'ஸ்லீக்கிட்' என்றால் வழவழப்பானது என்றும் பொருள், தந்திரமானது என்றும் பொருள். அந்த இரண்டும் ஒரே சொல்லில் இருப்பதால்தான், உழவன் அந்த உயிரைத் திருட்டுப் பிராணி என்றறிந்தும் மன்னிப்புக் கேட்பது நமக்கு உறைக்கிறது. அதன் பிறகு டாமின் கதைக்குப் போங்கள். அதை ஒரே மூச்சில், உரக்க, குதிரையின் ஓட்டத்துக்கு ஏற்ப வாசிக்க வேண்டும். பாடல்களைக் கடைசியாக எடுங்கள், அதுவும் மெட்டோடு மட்டுமே. மெட்டை நீக்கி அச்சில் பார்த்தால் பல பாடல்கள் வெறுமையாகத் தெரியும், குறை நம் வாசிப்பில்தான். இன்னொன்று: 'வானம் கற்பித்த உழவன்' என்று எழுத்தாளர் ஹென்றி மெக்கென்சி 1786இல் சூட்டிய பட்டத்தை நம்பிவிடாதீர்கள். உழைத்துக் களைத்த வீட்டில் தந்தை ஆசிரியர் வைத்துப் படிக்கவைத்த பிள்ளை அவர். கவிஞர் அலெக்சாண்டர் போப்பையும் ஷேக்ஸ்பியரையும் ஆழ்ந்து கற்றவர். தூய ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்திருந்தும் தம் மண்ணின் மொழியைத் தேர்ந்தெடுத்தார். அதைத் தேர்வு என்று உணர்ந்து வாசிப்பவர்களுக்கே அவர் முழுமையாகக் கிடைப்பார்.

பாட்டுக்காரன்

ஆசிரியர் ஐயா, பாடல்களைக் கடைசியில் வைப்பதை ஏற்க இயலவில்லை. குளோப் விடுதியில் அன்று பாடியவர் சொற்பட்டியல் பார்த்துப் பாடவில்லை.

ஏர் வாசி

இருவரும் சொல்வதைப் படித்தேன். பாட்டுகளைத் தோல்வார் எட்டவில்லை என்பதை அம்மையாரிடமே கேட்டேன். பாடும்போது யாரும் அடிக்கவில்லை என்பது உண்மைதான் என்றார். ஆனால் கடையில் ரொட்டி வாங்கும்போதும், மருத்துவரிடம் வலியைச் சொல்லும்போதும், வேலைக்கு நேர்காணலுக்குப் போனபோதும் தாம் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டதாகவும், பாட்டில் மட்டும் உயிரோடிருக்கும் மொழியில் வயிற்றுவலியைச் சொல்ல முடியாது என்றும் கூறினார். ஸ்காட்ஸுக்கு அதிகாரபூர்வத் தகுதி தரும் சட்டம் 2025இல் நிறைவேறியதைச் சொன்னபோது, நல்லது என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேநீரைக் கலக்கினார்.

மகளுக்குப் போட்டியில் பரிசு கிடைக்கவில்லை. மார்ச் மாதத்தில் ஒருநாள் காலை, பள்ளிக்குக் கிளம்பும்போது சன்னல் வழியே பார்த்துவிட்டு, வானம் 'ட்ரீக்' ஆக இருக்கிறது, கோட்டு வேண்டும் என்றாள். மங்கிய, நசநசப்பான மழைநாளுக்கான சொல் அது. அந்தக் கவிதையில் இல்லாத சொல். எங்கே கற்றாய் என்று கேட்டேன். அவள் பக்கத்து வீட்டுச் சுவரைக் காட்டினாள்.