சயாம் ரயில் போட்ட காலத்தில் நம் வீடுகளில் நடந்தது

மலேசியாவின் பேராக்கிலிருந்து ஒரு பேரன்:

தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவியவர். ஜப்பான் ராணுவம் மலாயாவைப் பிடித்து வைத்திருந்த காலம் அது. சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு அது போட்ட ரயில் பாதைக்கு 1943-இல் ஆள் எடுக்க வந்தவர்கள் முதலில் நயமாகத்தான் பேசினார்கள். நாளுக்கு ஒரு வெள்ளி (மலாயா டாலர்) கூலி, வயிறாரச் சோறு, மூன்று மாதத்தில் வீடு. ஜப்பான் காலத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று கிடந்தவர்களுக்குச் சோறு என்றதே போதும். போனவர்கள் திரும்பாததைப் பார்த்து மற்றவர்கள் ஒளியத் தொடங்கியதும், லாரியோடு வந்து பிடித்துப் போனார்கள். தாத்தாவும் அவர் தம்பியும் அப்படிச் சிக்கியவர்கள்.

மூடிய இரும்பு கூட்ஸ் வண்டியில் சயாமில் உள்ள பான்போங் வரை. அப்புறம் காட்டுக்குள் நடை. மழைக்காலத்தில் வாந்திபேதி வந்தது. காலையில் மண் சுமந்த தம்பி மறுநாள் இல்லை. எந்தக் குழியில் போட்டார்கள் என்று பார்க்கக்கூடத் தாத்தாவை விடவில்லை. 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகும் அனுப்பவில்லை. விறகு வெட்டு, பாதையைச் செப்பனிடு என்று போர் முடியும்வரை வைத்திருந்தார்கள்.

அந்தப் பாதை ஓடிய தாய்லாந்தின் காஞ்சனாபுரிக்குப் போயிருக்கிறேன். ஜப்பானியர் அதே பாதையில் வேலை வாங்கிய நேச நாட்டுப் போர்க் கைதிகளுக்கு அங்கே ஏறக்குறைய 7000 கல்லறைகள். பெரும்பாலானவற்றில் பெயரும் வயதும் இருக்கின்றன. அவர்களும் பட்டினி கிடந்து செத்தவர்கள்தான், அந்த மரியாதை அவர்களுக்கு வேண்டும். ஆனால் அவர்களோடு ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள், செத்தவர் பெயரை எழுதிவைக்க அதிகாரிகள் இருந்தார்கள். தோட்டத்து ஆட்களுக்கு இரண்டும் இல்லை. தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர் என்று கைதிகளைவிடப் பல மடங்கு பேர் செத்தும், அந்த வரிசைகளில் சின்னத் தாத்தா பெயரைத் தேட வழியே இல்லை. எனக்கு ஆறவே இல்லை.

கெடாவிலிருந்து ஒரு பேத்தி:

எங்கள் பாட்டியின் கணவர் திரும்பவே இல்லை. கைக்குழந்தையோடு பாட்டியே மரம் சீவினார். போர் முடிந்து சயாமிலிருந்து ஆட்கள் வந்த நாட்களில் ரயில் நிலையத்துக்குப் போய், இறங்கிய ஒவ்வொருவரிடமும் கேட்டாராம். ஒருவர் "நீக்கே முகாமில் பார்த்தேன், காய்ச்சலாகக் கிடந்தார்" என்றார். கிடைத்தது அந்த ஒரு சொல்தான். அதை நம்பித் தாலியைப் பல வருஷம் கழற்றவில்லை. இறந்த நாள் தெரியாததால் இன்றும் ஆடி அமாவாசையில்தான் படையல்.

உங்கள் தாத்தா எந்த முகாம் என்று வீட்டில் யாருக்காவது நினைவிருக்கிறதா? நீக்கே பக்கம் இருந்தவர்களின் பிள்ளைகள் யார் இருந்தாலும், கேட்டதை அப்படியே எழுதுங்கள். அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை.