ப்ரீலோட் பாதியில் நிற்கிறது: சரிசெய்வதா, நிறுத்திவிடுவதா?

ஓலைச்சுவடி
என் வேர்ட்பிரஸ் வலைப்பதிவில் சுமார் 1,400 பதிவுகள் இருக்கின்றன. பக்கங்களை முன்கூட்டியே உருவாக்கி, கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் சேமிப்பில் (கேஷில்) வைக்கும் ப்ரீலோடை 12 மணி நேரத்துக்கு ஒருமுறை ஓடும்படி வைத்திருக்கிறேன். இரவில் ஓடவிட்டால், காலையில் பார்க்கும்போது எண்ணிக்கை 300-லேயே நிற்கிறது. கேஷில் உள்ள பக்கம் தொட்டவுடன் திறக்கிறது, இல்லாத பக்கத்துக்கு மூன்று நொடி ஆகிறது. இதைச் செய்யும் கேஷ் ப்ளகினை அழித்துவிட்டு மறுபடி நிறுவியும் பார்த்தாயிற்று. எங்கிருந்து தேடுவது?

மின்மினி
ப்ளகினை விடுங்கள், குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கிவைக்கும் கிரானைப் பாருங்கள். வேர்ட்பிரஸின் கிரான் தானாக ஓடும் கடிகாரம் இல்லை. யாராவது தளத்துக்கு வந்து, பக்கத்தை உருவாக்கும் பிஎச்பி நிரல் ஓடினால்தான், நேரம் வந்த வேலை ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று பார்க்கும். பல ப்ளகின்கள் ப்ரீலோடை ஒரே மூச்சில் முடிப்பதில்லை. ஒரு நூறு பக்கத்தை முடித்துவிட்டு, அடுத்த நூறைக் கிரானிடம் ஒப்படைத்துவிடும். இரவில் வாசகர் வரத்து குறைவு. வருகிற ஒன்றிரண்டு பேருக்கும் கேஷில் உள்ள கோப்பை வெப் சர்வரே நேராக எடுத்துக் கொடுத்துவிட்டால் பிஎச்பிக்கு வேலையே இல்லை. கேஷ் நன்றாக வேலை செய்யச் செய்ய, கிரான் விழிப்பது குறைந்துகொண்டே போகும். டபிள்யூபி-கான்ஃபிக் என்ற அமைப்புக் கோப்பில் உள் கிரானை நிறுத்துங்கள். அப்புறம் சர்வரின் கிரானிலிருந்து 5 நிமிடத்துக்கு ஒருமுறை டபிள்யூபி-கிரான் கோப்பை அழைக்க ஒரு வரி சேருங்கள்.

கல்தச்சன்
கிரான் விளக்கம் சரி. ஆனால் இந்த ப்ரீலோடே தேவையில்லை என்கிறேன். 1,400 பக்கம், ஒன்றுக்கு ஒன்றரை நொடி என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 35 நிமிடம். அது ஒரு நாளைக்கு இரண்டு தடவை. அவ்வளவு நேரமும் உங்கள் சர்வர் வாசகர் யாருக்காகவும் உழைக்கவில்லை. யாராவது திறந்தால் அந்தப் பக்கம் தானாகவே கேஷுக்குள் போய்விடும். முதலில் வருபவர் மட்டும் காத்திருப்பார். ப்ரீலோடை நிறுத்தி, கேஷின் ஆயுளை ஒரு வாரமாக நீட்டுங்கள். ஒரு பக்கத்தை உருவாக்க மூன்று நொடி ஆவதுதான் நோய், அதற்கு மருந்து பாருங்கள்.

மின்மினி
முதலில் வருபவர் மட்டும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? பழைய பதிவுகளுக்கு ஆட்கள் தேடுபொறி வழியாக வருகிறார்கள், ஆளுக்கு ஒரு பதிவு. அந்தப் பதிவைப் பொறுத்தவரை வருகிற ஒவ்வொருவரும் முதல் ஆள்தான். அவர் எனக்கு முக்கியம். மூன்று நொடி வெறும் திரையைப் பார்த்துவிட்டுப் போனவர் திரும்ப வரமாட்டார். அப்புறம், ஒரு வார ஆயுள் ஆபத்து. படிவம் இந்தத் தளத்திலிருந்தே வந்ததா என்று சரிபார்க்க அதில் வைக்கும் நான்ஸ் குறியீடு அதிகபட்சம் 24 மணி நேரம்தான் செல்லும். அது பக்கத்தோடு சேர்ந்து கேஷில் உறைந்துவிட்டால், மூன்றாம் நாள் வருபவர் அனுப்பும் படிவம் ஏற்கப்படாது.

கல்தச்சன்
அதற்காக 1,400 பக்கத்தையும் தினம் புதுப்பிக்க வேண்டுமா? தொடர்புப் படிவம் உள்ள ஒரு பக்கத்தைக் கேஷிலிருந்து விலக்கினால் போதுமே. உள்நுழையாத வாசகருக்கு வேர்ட்பிரஸின் மறுமொழிப் பெட்டியில் நான்ஸே கிடையாது.

ஓலைச்சுவடி
சர்வர் கிரானில் வரி சேர்த்தேன். எண்ணிக்கை 1,400 வரை போய்விட்டது! ஆனால் பழைய பதிவுகளைத் திறந்தால் இன்னும் அதே மூன்று நொடி. பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்த்தேன். கேஷ் ப்ளகின் கடைசியில் எழுதும் நேரக் குறிப்பில், நான் திறந்த அந்த நொடிதான் இருக்கிறது. அதாவது ப்ரீலோட் அந்தப் பக்கத்தைத் தொடவே இல்லை.

தெருவிளக்கு
எண்ணிக்கையை நம்பாதீர்கள். எத்தனை முகவரிகளைக் கேட்டது என்றுதான் அது சொல்லும், என்ன பதில் வந்தது என்று சொல்லாது. வரும் ஒவ்வொரு கோரிக்கையும் பதிவாகும் சர்வரின் அணுகல் லாகை எடுத்து, ப்ரீலோட் ஓடிய நேரத்து வரிகளைப் பாருங்கள்.

ஓலைச்சுவடி
பார்த்தேன். 2:10-க்குத் தொடங்குகிறது. எல்லாம் என் சர்வரின் ஐபியிலிருந்தே வந்த கோரிக்கைகள். வரிக்கு வரி 200, 200, 200, அதாவது பக்கம் சரியாகக் கிடைத்தது. 2:12-லிருந்து எல்லாமே 429. கடைசி வரை 429தான்.

தெருவிளக்கு
அதுதான் விஷயம். 429 என்றால் அளவுக்கு மீறிய கோரிக்கைகள் என்று திருப்பி அனுப்பப்படுகிறது. உங்கள் பாதுகாப்பு ப்ளகினோ சர்வரின் ஃபயர்வாலோ, ஒரே ஐபி விடாமல் தட்டுவதைப் பார்த்துத் தாக்குதல் என்று நினைக்கிறது. சர்வர் தன் வீட்டுக் கதவையே தட்டுகிறது என்று அதற்குத் தெரியாது. அந்த ஐபிக்கு விலக்குக் கொடுங்கள், கோரிக்கைகளுக்கு இடையே ஒரு நொடியாவது இடைவெளி விடுங்கள். மொபைலுக்குத் தனிக் கேஷ் வைத்திருந்தால், ப்ரீலோட் அதையும் தயார் செய்கிறதா என்று பாருங்கள். டெஸ்க்டாப் உலாவி போலவே கேட்டுவிட்டுப் போனால், கைப்பேசியில் வருபவருக்குப் பலன் இல்லை.

கல்தச்சன்
இதையும் பாருங்கள்: புதுப் பதிவு வெளியிட்டதும் மொத்தக் கேஷையும் அழிக்கும் அமைப்பு போடப்பட்டிருக்கிறதா? இருந்தால் நீங்கள் எழுதும் ஒவ்வொரு பதிவும் இரவு முழுக்கச் சேர்த்ததை ஒரு நொடியில் துடைத்துவிடும்.

ஓலைச்சுவடி
போடப்பட்டிருந்தது, கல்தச்சன். எடுத்துவிட்டேன். இப்போது முகப்பும், அந்தப் பதிவும், அதன் வகைப் பக்கமும் மட்டுமே அழியும். ஐபி விலக்கும் கொடுத்தாயிற்று. நேற்றிரவு லாகில் ஒரு 429 கூட இல்லை. நான் பரிசோதித்த இருபது பழைய பதிவுகளும் உடனே திறந்தன.

மின்மினி
அப்படியானால் 12 மணி நேரத்தை மாற்றாதீர்கள்.

கல்தச்சன்
அதில் மட்டும் நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. பதிவு மாறாதபோது பக்கமும் மாறாது. வாரம் ஒருமுறை போதும்.

ஓலைச்சுவடி
தொடர்புப் பக்கத்தை விலக்கிவிட்டு, இந்த மாதம் வாரம் ஒருமுறை ஓட விடுகிறேன். மற்ற பக்கங்களில் எங்காவது படிவம் ஒளிந்திருக்கிறதா என்று இன்று தேடப் போகிறேன். பக்கப்பட்டையில் மின்னஞ்சல் சந்தாப் பெட்டி ஒன்று இருப்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. அது எல்லாப் பக்கத்திலும் வருகிறதே.

மின்மினி
அதில் நான்ஸ் இருக்கிறதா என்று மூலத்தில் பார்த்துவிட்டு அப்புறம் வாரத்துக்கு மாற்றுங்கள். இருந்தால் 12 மணி நேரமேதான்.