வியன்னா மெட்ரோவில் யூ5 எங்கே?

பொம்மனஹள்ளிக்காரன்:
ஆபீஸில் ஒரு வருஷத்துக்கு வியன்னா அனுப்புகிறார்கள். வீடு ஆல்ட்டெர்லா பக்கம், யூ6 தடம். வேலை காக்ரானில், யூ1. வரைபடத்தில் 1, 2, 3, 4 இருக்கிறது, அப்புறம் நேரே 6. ஐந்து எங்கே போச்சு? பெங்களூரு மெட்ரோவில் தினமும் ஆர்.வி. ரோட்டில் படியேறி மஞ்சள் தடத்துக்கு மாறியே அலுத்துவிட்டது. அங்கே மாறுவது எப்படி?

அல்சூர் பெரியவர்:
தம்பி, ரயில் பெட்டி பராமரிப்பில் காலம் கழித்தவன் நான். மகள் வீட்டுக்கு வியன்னா போனபோது யூ6-ஐத்தான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.

யூ5 பழைய திட்டங்களில் இருந்தது, கட்டவில்லை. எண்ணை வேறு தடத்துக்குத் தராமல் அப்படியே வைத்திருந்தார்கள். இப்போதுதான் வேலை நடக்கிறது. யூ2-வின் கார்ல்ஸ்பிளாட்ஸ் - ராட்ஹவுஸ் துண்டு யூ5-க்குப் போகும். ஓட்டுநர் இல்லாமல் ஓடப்போகும் தடம் என்பதால் நடைமேடைக் கதவு வேண்டும். அதற்காக அந்தத் துண்டை 2021-இல் மூடி 2024 கடைசியில்தான் திறந்தார்கள்.

நீ இறங்கி மாற வேண்டியது லேங்கன்ஃபெல்ட்காஸே. படி ஏற வேண்டாம். யூ6-இல் இறங்கி நடைமேடையைக் குறுக்கே கடந்தால் எதிரே யூ4. அங்கே ஒரு நிமிஷம் நின்று பார். யூ4 பக்கம் நம் ஊர் மாதிரி தண்டவாளத்தை ஒட்டி மின்சாரம் தரும் மூன்றாவது தண்டவாளம். யூ6 பக்கம் தலைக்கு மேலே கம்பி. மின்சாரம் இரண்டுக்கும் 750 வோல்ட்தான், ஆனால் இந்த வண்டி அந்தத் தடத்தில் ஓடாது. யூ6-இன் நடுப்பகுதி 1898-இல் திறந்த ஸ்டாட்பான் என்ற பழைய நகர ரயில், கட்டடக் கலைஞர் ஓட்டோ வாக்னர் வடிவமைத்தது. 1925-இல் டிராம் மாதிரிக் கம்பி போட்டு மின்மயமாக்கினார்கள். 1989-இல் யூ6 என்று பெயர் மாற்றியபோதும் கம்பியை எடுக்கவில்லை. அதனால் இன்றைக்கும் அதற்கென்று தனி வண்டி, தாழ்தளப் பெட்டி. பராமரிப்புக்காரனுக்கு இது தலைவலி. ஆனால் வாக்னரின் செங்கல் வளைவுகளின் மேல் வண்டி போகும்போது ஜன்னலோரம் கிடைத்தால் விட்டுவிடாதே.

எச்.எஸ்.ஆர். அக்கா:
தம்பி, வருஷப் பாஸ் எடு. 2012-லிருந்து 365 யூரோ, நாளுக்கு ஒரு யூரோ கணக்கு. 2026 ஜனவரியில் ஏற்றி 460-ஐத் தாண்டிவிட்டது. இருந்தாலும் டிராம், பஸ் எல்லாம் அதிலேயே அடங்கும். டிக்கெட் கேட் கிடையாது, ஆனால் சோதிப்பவர்கள் சாதாரண உடையிலும் வருவார்கள். அப்புறம், சாப்பாட்டுப் பொட்டலத்தை வண்டியில் பிரிக்காதே. முதலில் யூ6-இல்தான் தடை போட்டார்கள், 2018-இல். அடுத்த வருஷம் எல்லாத் தடத்துக்கும்.

பொம்மனஹள்ளிக்காரன்:
நன்றி பெரியவரே, நன்றி அக்கா. யூ4-இலிருந்து யூ1-க்கும் இதே மாதிரி எதிரே மாறலாமா?

அல்சூர் பெரியவர்:
அதெல்லாம் கிடையாது. கார்ல்ஸ்பிளாட்ஸில் யூ1 ஆழத்தில் ஓடுகிறது, எஸ்கலேட்டரில் இறங்கித்தான் ஆக வேண்டும். நம் மெஜஸ்டிக் ஸ்டேஷனில் மாறிப் பழகியவனுக்கு அது ஒன்றும் பெரிசில்லை. லியோபோல்டாவ் என்று போட்ட வண்டியில் ஏறு.