சுற்றுலா சீசன் தொடங்கப் போகிறது, கனடா விசா வரவில்லை. வேலைக்குத் திரும்பிப் போகலாமா?

உப்புவெளிக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். இவ்வளவு காலமும் நீங்கள் எழுதுவதை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இந்தக் கிழமைக்குள் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, அதுதான் எழுதுகிறேன்.

கல்யாணம் நடந்தது வைகாசியில், வருகிற வைகாசிக்கு இரண்டு வருடம். அவர் ஸ்காபரோவில் இருக்கிறார். கனடாவில் நிரந்தர வதிவிடம் மட்டும்தான், குடியுரிமை இன்னும் எடுக்கவில்லை. ஐந்து கிழமை லீவில் வந்து தாலி கட்டிவிட்டுப் போனவர், போய் இரண்டாம் மாதமே என்னை அங்கே கூப்பிட ஸ்பொன்சர் போட்டார். இன்றைக்கு 19 மாதம். பொலிஸ் கிளியரன்ஸ், கைரேகை எல்லாம் கொடுத்தாயிற்று. மெடிக்கலுக்கு இரவு மெயிலில் கொழும்புக்குப் போய், விடியமுன் கோட்டை ஸ்டேஷனில் இறங்கிக் குந்தியிருந்து செய்துவிட்டு வந்தேன். அதற்கும் 11 மாதம் ஆகிவிட்டது. இணையத்தில் விண்ணப்பக் கணக்கைத் திறந்தால் பின்னணிச் சோதனை நடைபெறுகிறது என்று ஒரே ஒரு வரி. அதைப் பார்க்காமல் நான் காலையில் பல் தீட்டுவதில்லை.

திருகோணமலைப் பக்கம் நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை செய்தேன். மெடிக்கலுக்குக் கடிதம் வந்ததும், இனி என்ன, மூன்று மாதத்தில் பயணம்தான் என்று வேலையை விட்டுவிட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை. என் அவசரம். போன வருடம் சித்திரையிலிருந்து புரட்டாசி வரை வெள்ளைக்காரர்கள் புறாமலைத் தீவுக்குப் படகு ஏறுவதை உறவினர் வீட்டு முற்றத்தில் நின்று பார்த்தேன்.

அம்மா எனக்குக் கொண்டுபோகவென்று இரண்டு கிலோ மிளகாய்த்தூள் வறுத்து இடித்தார். அது நிறம் மாறி வீட்டுக் கறிக்கே முடிந்தது. ஆவணியில் மறுபடி இடித்தார். இப்போது மூன்றாம் முறைக்குச் செத்தல் மிளகாய் காயப் போட்டிருக்கிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை கோணேசர் கோவிலுக்குப் போனால், கோட்டைக்குள் நிற்கிற மான்களைத் தவிர எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "இன்னும் போகேல்லையோ?"

இப்போது அதே ஹோட்டல் மெனேஜர் திரும்பக் கூப்பிடுகிறார். ஆறு மாதம், நடுவில் விடக்கூடாது என்கிறார். பின்னேரம் 2 மணியிலிருந்து இரவு 10 வரை. ஆனால் அவர் அங்கே இரவு வேலை முடித்துக் காலை 7 மணிக்கு எனக்கு எடுக்கும்போது இங்கே பின்னேரம் நாலரை. நாங்கள் கதைக்கிற நேரமே அது ஒன்றுதான்.

என் கேள்விகள் இவைதான். வேலைக்குப் போனால் கோப்புக்கு ஏதும் பிரச்சினை வருமா? மெடிக்கல் முடியப் போகிறது, நானாகப் போய்ப் புதிதாகச் செய்யலாமா? அவர் பொறுமை போய், வேலையை விட்டுவிட்டு ஆறு மாதம் இங்கே வந்து நிற்கிறேன் என்கிறார். வரச் சொல்லலாமா?

பழைய ஸ்பொன்சர்:

தங்கச்சி, கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் ஆபத்தானது. குடியுரிமை உள்ளவர் வெளிநாட்டில் இருந்தபடியும் மனைவியை ஸ்பொன்சர் செய்யலாம், பிறகு கனடாவில் வந்து குடியிருப்போம் என்று காட்டினால் சரி. நிரந்தர வதிவிடம் மட்டும் உள்ளவருக்கு அந்த வசதி கிடையாது. அவர் கனடாவில் குடியிருக்க வேண்டும். நாலு கிழமை வந்து பார்த்துவிட்டுப் போவது வேறு. வேலையை விட்டு, அறையைக் கொடுத்துவிட்டு, ஆறு மாதம் வந்து நிற்பது வேறு. இதற்காகக் கோப்பை நீங்களே கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

மெடிக்கலை நீங்களாகச் செய்ய வேண்டாம். செய்த நாளிலிருந்து 12 மாதம்தான் செல்லும், உண்மை. ஆனால் அது முடிந்தால் திரும்பச் செய்யச் சொல்லிக் கடிதம் வரும், சிலருக்குப் பழையதையே நீட்டிவிடுகிறார்கள். கடிதம் இல்லாமல் போனால் செலவும் ரயில் அலைச்சலும்தான் மிச்சம்.

கடிதம் என்றதும் ஒன்று. என் மனைவி சென்னையில் ஒரு வருடம் படித்தவர். 10 வருடத்துக்குள் தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ ஒரு நாட்டில் இருந்திருந்தால் அந்த நாட்டுப் பொலிஸ் சான்றிதழும் வேண்டும். நாங்கள் அதை யோசிக்கவே இல்லை. 30 நாள் தந்து கேட்டிருந்த கடிதம் அவருடைய மின்னஞ்சலில் குப்பைப் பெட்டிக்குள் கிடந்தது. கண்டது 26ஆம் நாள். குப்பைப் பெட்டியையும் பாருங்கள்.

பிறகு, அந்த ஒரு வரியை நம்பி இருக்காதீர்கள். தகவல் அறியும் சட்டத்தின் கீழ் 5 டொலர் கட்டினால் ஜிசிஎம்எஸ் நோட்ஸ் எடுக்கலாம், அதாவது அதிகாரிகள் உங்கள் கோப்பில் எழுதிவைத்த குறிப்புகள். நீங்கள் கையெழுத்திட்ட சம்மதப் படிவத்தை வைத்து உங்கள் கணவர் அங்கிருந்தே கேட்கலாம். சட்டப்படி 30 நாள், நடைமுறையில் இழுக்கும். உறவு ஏற்கப்பட்டதா, மெடிக்கல் சரியா, குற்றப்பதிவு, பாதுகாப்பு என்று தனித்தனியாக இருக்கும். பாதுகாப்பில் நிற்கிறது என்றால் அது குடிவரவு அலுவலகத்தின் கையில் மட்டும் இல்லை, எல்லைச் சேவை, உளவுத்துறை என்று சுற்றி வர வேண்டும். எங்கள் ஆட்களுக்கு அது இழுபடுவது புதிதல்ல. குறிப்பு கையில் வந்த பிறகு அவருடைய தொகுதி எம்பி அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள், காசு இல்லை. சமஷ்டி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு முடிவு சொல்ல வைக்கிற வழியும் உண்டு, அதைக் கடைசிக்கு வையுங்கள், வக்கீலுக்கு ஆயிரக்கணக்கில் போகும். "உள்ளே ஆள் இருக்கு, வேகமாக்கித் தாறன்" என்கிற எவருக்கும் ஒரு சதம் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தவன்.

கடற்கரை வீதி அக்கா:

பிள்ளை, வேலைக்குப் போ.

நான் 26 மாதம் இருந்தவள். திருக்கடலூரில் மாமியார் வீட்டில், பயணம் வருகுது பயணம் வருகுது என்று தையல் ஓடர்கூட எடுக்காமல் இருந்தேன். மாமியார் நல்ல மனுசி, ஆனால் என் பெட்டி அவருடைய கூடத்தில் இரண்டு வருடம் கிடந்தது. விசா வந்தபோது சந்தோசப்படுவதற்குக்கூடத் தெம்பு இல்லை. இப்போது பிரம்டனில் இருந்து எழுதுகிறேன், அந்த 26 மாதத்தில் எனக்கு ஞாபகம் இருப்பது அந்தப் பெட்டி மட்டும்தான்.

வேலைக்குப் போனால் கோப்புக்கு ஒன்றும் ஆகாது. வேலை மாறியது, முகவரி மாறியது என்று இணையப் படிவத்தில் அறிவித்தால் போதும். மெனேஜரிடம் உள்ளதைச் சொல்லு. பாஸ்போட் கேட்டுக் கடிதம் வந்த மறுநாளே யாரும் பிளேன் ஏறுவதில்லை, அவருக்கு ஆள் தேட நேரம் இருக்கும். ஆனால் கைக்கு வருகிற வதிவிட உறுதிப் பத்திரத்தில் ஒரு கடைசித் திகதி போட்டிருக்கும், அதை நீட்ட மாட்டார்கள். சீசன் முடியட்டும் என்று அதை மட்டும் தள்ளிப் போடாதே. பாஸ்போட் முடியும் திகதியையும் இப்போதே பார்.

இன்னொன்று, வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். நாலு கிழமை அவர் வந்து போன பிறகு வயிற்றில் பிள்ளை என்றால் உடனே குடிவரவு அலுவலகத்துக்கு அறிவி. அதனால் மெடிக்கலில் எடுக்கிற எக்ஸ்ரே பிந்தலாம், பிந்தினாலும் பரவாயில்லை. பிறந்த பிள்ளையைச் சொல்லாமல் நீ போய் இறங்கினால் பிறகு அந்தப் பிள்ளையைக் குடும்பமாகக் கூப்பிட ஏலாமல் போகலாம். எங்களுக்குத் தெரிந்த ஒருவர் அதில் மாட்டி வருடக்கணக்கில் அலைந்தார்.

கணக்கின் கடவுச்சொல்லைத் தம்பியிடம் கொடு. நான் அப்படித்தான் செய்தேன். ஏதும் மாறினால் மட்டும் சொல் என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் பல் தீட்டினேன்.

நிலாவெளி 77:

சுற்றுலா விசா போட்டுப் போய் அவரோடு இருந்துகொண்டு காத்திருக்க முடியாதா?

பழைய ஸ்பொன்சர்:

போடலாம். நிரந்தரமாக வர விண்ணப்பித்திருப்பவர் தற்காலிகமாக வருவதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் திரும்பிப் போவீர்கள் என்று அதிகாரியை நம்ப வைக்க வேண்டும், வேலையில்லாத ஆளுக்கு அது கஷ்டம். மறுத்தால் 100 டொலர் போச்சு, இனி எந்தப் படிவத்திலும் அந்த மறுப்பை எழுத வேண்டும். வேலையில் சேருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று வையுங்கள்.

உப்புவெளிக்காரி:

அக்கா, அண்ணா, நன்றி. சம்மதப் படிவத்தை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் பிரிண்ட் எடுத்துக் கையெழுத்து வைத்து அனுப்பிவிட்டேன். அவர் 5 டொலர் கட்டிவிட்டார். ஆறு மாதக் கதையை விட்டுவிட்டு ஆடியில் மூன்று கிழமை வருகிறாராம். முதலில் கோபித்தார், பிறகு அண்ணா எழுதியதை அப்படியே வட்ஸ்அப்பில் அனுப்பினேன், இரண்டு மணி நேரம் பதில் இல்லை, அதற்குப் பிறகு "சரி" என்று மட்டும் வந்தது.

மெனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காலை 6 முதல் 2 வரை தந்திருக்கிறார். அவருடைய தங்கையும் இலண்டன் விசாவுக்கு இருந்தவராம், அதனால் விளக்கம் கனக்கத் தேவைப்படவில்லை. திங்கட்கிழமை தொடக்கம். தம்பி எனக்கு இல்லை, கடவுச்சொல் மச்சாளிடம் போயிருக்கிறது, அவள் வாய் காக்கிற ஆள் இல்லை என்பது மட்டும்தான் பயம்.

அம்மா செத்தலை இடித்துவிட்டார். இந்த முறை அரைக் கிலோதான்.